கம்ப்ரசர் டேங்கில் தேங்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

கனடாவில் கார் பழுதுபார்க்கும் கராஜ்களுக்கு ஆண்டிலேயே வேலை குவிவது நவம்பரிலும் டிசம்பரிலும்தான். கோடைக்கால டயர்களைக் கழற்றிவிட்டுக் குளிர்கால டயர்களை மாட்டிக்கொள்ள வாசலில் வரிசை நிற்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டினால் அபராதம் உண்டு. ஒன்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லையென்றாலும், முதல் பனி விழுந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் கிளம்பி வருகிறார்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினாலே டயரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறைந்துவிடும் என்பதால், டயர் மாற்ற வராதவர்களும் காற்றுப் பிடிக்க வருவார்கள். நட்டைக் கழற்றும் இம்பேக்ட் கன்னுக்கும் டயர் மாட்டும் இயந்திரத்துக்கும் காற்று தந்தபடி, கராஜின் மூலையில் உள்ள கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும் பருவம் இது. அது அடிக்கடி காலை வாரிவிடுவதும் இதே பருவத்தில்தான். காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகிவிட்டு நின்றுபோகும், பிரேக்கர் விழும், டேங்கில் அழுத்தம் இருந்தும் ஹோஸில் காற்று வராது. கேட்டால், குளிர் வந்தால் கம்ப்ரசர் இப்படித்தான் என்று பதில் வரும். இந்தப் பதிலை நாம் இனியும் ஏற்கக் கூடாது. குளிர் புதிதாக எந்தக் கோளாறையும் கொண்டுவருவதில்லை. கோடை முழுவதும் கவனிக்காமல் விட்டதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் கவனக்குறைவின் ஆபத்தைச் சுமப்பவர் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் தொழிலாளி என்பதால், இதை இயந்திரப் பராமரிப்பு என்ற கணக்கிலிருந்து எடுத்துத் தொழிலாளர் பாதுகாப்பு என்ற கணக்கில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூலம் காற்றில் இருக்கும் ஈரம். 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 12.8 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்ய டிகிரியில் அது 4.8 கிராம், மைனஸ் 10-இல் 2.4 கிராம். கம்ப்ரசர் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றை அமுக்கும்போது அதன் கன அளவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கிய காற்று ஆறியதும், தன்னோடு வந்த ஈரத்தை வைத்துக்கொள்ள அதில் இடம் இருக்காது. மிச்சம் தண்ணீராக டேங்கின் அடியில் இறங்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 10 கன அடி காற்று தரும் நடுத்தரக் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினால் 17 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. 15 டிகிரியில் சூடுபடுத்தப்பட்ட, பாதியளவு ஈரப்பதம் உள்ள கராஜில் அந்தக் காற்றோடு வரும் ஈரம் சுமார் 109 கிராம். அதில் ஏறக்குறைய 80 கிராம் டேங்கிலேயே தண்ணீராகிவிடும். ஒரு நாளில் நான்கு மணி நேரம் ஓடினால் 300 மில்லிலிட்டருக்கு மேல். டேங்கின் அடிவால்வை ஒரு வாரம் திறக்காமல் விட்டால் உள்ளே எவ்வளவு நிற்கும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

குளிர்காலக் காற்று வறண்டது, அதில் ஏது ஈரம் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்வதுண்டு. பாதி உண்மை இது. வெளியே மைனஸ் 10-இல் உள்ள காற்றில் ஈரம் குறைவுதான். அதே கம்ப்ரசரைச் சூடில்லாத கொட்டகையில் வைத்து ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் 25 கிராம் அளவுக்குத்தான் வெளிப்படும். ஆனால் அந்த 25 கிராமும் பனிக்கட்டியாக வெளிப்படும். வழிந்தோட முடியாத 25 கிராம், வழிந்தோடும் 80 கிராமைவிடத் தொல்லை தரும். கராஜுக்கு உள்ளே இருக்கும் காற்றையும் வறண்டது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு காரும் சக்கர வளைவுகளிலும் அடிப்பாகத்திலும் பனியைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. அது உருகித் தரையெல்லாம் ஈரமாகி, ஆவியாகி, கம்ப்ரசரின் வாய்க்குள்தான் போகிறது. அந்த ஈரக் காற்று, சூடான அறையிலிருந்து கிளம்பி வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாயில் திடீரென்று ஆறும்போது, டேங்கில் இறங்காமல் தப்பி வந்த மீதி ஈரமும் குழாயின் வளைவுகளில் உறைகிறது. முந்தைய கணக்கையே நீட்டினால், மைனஸ் 10-இல் உள்ள குழாயில் மணிக்கு 20 கிராமுக்கு மேல் பனி படியும். அரை அங்குலக் குழாய் ஒன்று அடைத்துக்கொள்ள ஒரு வாரம் தேவையில்லை.

எந்த இடத்தில் உறைகிறது என்பதைப் பொறுத்துத்தான் இது வெறும் தொல்லையா, உயிராபத்தா என்பது முடிவாகிறது. அடிவால்வு உறைந்தால் தண்ணீரை வெளியேற்ற முடியாது; அன்றைய வேலை நிற்காது, ஆனால் நாளைக்கான சிக்கல் உள்ளே சேரும். கம்ப்ரசர் நிற்கும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்குமே, அது பம்புக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள குழாயில் சிக்கிய காற்றை அன்லோடர் வால்வு வெளியே விடும் சத்தம். அந்தச் சிறு குழாய் உறைந்தால் காற்று வெளியேறாது. அடுத்த முறை மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும், பிரேக்கர் விழும். இவற்றையெல்லாம்விட மோசமானது பிரஷர் சுவிட்ச் உறைவது. டேங்கின் அழுத்தத்தை உணர்ந்து மோட்டாரை நிறுத்துவதும் ஓட்டுவதும் அந்தச் சுவிட்ச்தான். அழுத்தம் அதற்குப் போய்ச் சேருவது ஒரு பென்சில் பருமன்கூட இல்லாத துளை வழியாக. அந்தத் துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்று இரவில் உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. டேங்கில் அழுத்தம் 100, 120, 150 என்று ஏறுகிறது. பனிக்கட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவிட்சுக்கு எதுவும் தெரியாது. அது மோட்டாரை நிறுத்தாது. அந்த நேரத்தில் டேங்குக்கும் வெடிப்புக்கும் நடுவே நிற்பது சேஃப்டி வால்வ் ஒன்று மட்டுமே. அதே ஈரத்தை, அதே குளிரை, அதே கவனக்குறைவை அந்த வால்வும் பார்த்திருக்கிறது. அதன் வளையத்தைக் கடைசியாக இழுத்துப் பார்த்தது எப்போது என்று கேட்டால் பல கராஜ்களில் பதில் இருக்காது.

டேங்க் வெடித்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கராஜ்களில் சாதாரணமாக நிற்கும் 60 கேலன் டேங்கில், அதாவது சுமார் 227 லிட்டரில், 150 பிஎஸ்ஐ காற்று அடைபட்டிருக்கும்போது உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல் முந்நூறு கிலோஜூலுக்கு மேல். ஒன்றரை டன் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய இவ்வளவுதான். புதிய டேங்குகளைச் சோதிக்கும்போது காற்றை நிரப்பாமல் தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுப்பதற்குக் காரணமும் இதுவே. தண்ணீர் அமுங்காது, ஆகவே டேங்க் பிளந்தாலும் சிதறி அடிக்காது. பழைய டேங்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. அடியில் தேங்கும் தண்ணீர் இரும்பை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடித்தகடு மட்டும் வருடக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும். அப்படி மெலிந்த டேங்குக்கு, சுவிட்ச் உறைந்து அழுத்தம் எல்லை மீறும் ஒரு காலைப்பொழுது போதும். தினமும் தண்ணீரை வெளியேற்றியிருந்தால் அரிப்பும் குறைந்திருக்கும், சுவிட்சின் துளையில் உறைவதற்கு ஈரமும் குறைந்திருக்கும். இரண்டு ஆபத்துகளுக்கும் ஒரே வேலைதான் மருந்து, அதுவும் ஒரு நிமிட வேலை. அதனால்தான் அது நடக்காமல் போவது மனதை உறுத்துகிறது.

எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறு பிஸ்டன் கம்ப்ரசர்களில் எண்ணெய்ப் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி போன்ற உறுப்பு எண்ணெயில் முங்கி முங்கி அதை மேலே தெளிக்கும். அந்தத் தெளிப்புதான் பேரிங்குக்கும் சிலிண்டருக்கும் கிடைக்கும் மசகு. கோடைக்கு ஊற்றிய கெட்டி மினரல் எண்ணெய், 40 டிகிரியில் இருப்பதைவிடப் பூஜ்ய டிகிரியில் பத்து மடங்குக்கும் மேல் தடிமனாகிவிடும். அந்த நிலையில் கரண்டி எண்ணெயைத் தெளிக்காது, பள்ளம் பறித்துக்கொண்டு சுற்றும். எண்ணெய் சூடாகி இளகும்வரை பேரிங்குகள் உலர்ந்து ஓடுகின்றன. மோட்டாரும் அந்தத் தடிமனை எதிர்த்துக் கிளம்ப வேண்டும். அதைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டரும் குளிரில் வலுவிழந்திருக்கும். இதோடு மலிவான நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தமும் குறைந்துபோனால் மோட்டார் முனகுவதில் என்ன ஆச்சரியம்? பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் குளிர்காலத்துக்கு மெல்லிய எண்ணெயையோ சிந்தெட்டிக் எண்ணெயையோ எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். காருக்கு வாங்கிய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது அதற்கு மாற்றாகாது. கையேடு அனுமதித்தால் ஒழிய, அதிலுள்ள டிடர்ஜென்ட் சேர்மானங்கள் வால்வுத் தகடுகளில் கரி படிய விடும். வயரை நீட்டுவதைவிடக் காற்று ஹோஸை நீட்டுவது நல்லது. அந்த ஹோஸும் குளிரில் விறைத்து வெடிக்கும் பிவிசியாக இல்லாமல் ரப்பராக இருக்க வேண்டும்.

கம்ப்ரசரைக் குளிரில் விடாமல் சூடான இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. டொரண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் சிறு கராஜ் நடத்துபவர்களில் பலர் வாடகை இடத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு சதுர அடிக்கும் காசு. கம்ப்ரசர் இடத்தை அடைக்கிறது, காதைப் பிளக்கிறது. ஆகவே அதைப் பின்பக்கம் தகரக் கொட்டகையில் தள்ளிவிடுகிறார்கள். அதை உள்ளே கொண்டுவா என்று எழுதுவது எழுதுபவருக்கு எளிது, வாடகை கட்டுபவருக்கு அல்ல. ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். தொழிற்சாலைக் கம்ப்ரசர்கள் இழுக்கும் மின்சாரத்தில் 80 முதல் 93 சதவீதம் வரை வெப்பமாகவே வெளியேறுகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணித்திருக்கிறது. சிறு பிஸ்டன் கம்ப்ரசரிலும் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. ஆக, கொட்டகையில் ஓடும் கம்ப்ரசர் காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தை வெளிக்காற்றுக்குத் தானம் செய்கிறது. பக்கத்து அறையில் அதே முதலாளி ஹீட்டருக்குத் தனியாகக் காசு கட்டுகிறார். கம்ப்ரசரை உள்ளே வைத்தால் குளிர்காலம் முழுவதும் அந்த வெப்பம் கராஜுக்கே கிடைக்கும். சத்தத்துக்குக் காற்றோட்டம் உள்ள, ஒலி தாங்கும் தடுப்பு அமைக்கலாம். அதற்கும் வழியில்லாத இடத்தில், கொட்டகையையே மரச்சட்டமும் இன்சுலேஷனும் போட்டு மூடி, தெர்மோஸ்டாட் வைத்த சிறு ஹீட்டரால் 5 டிகிரிக்குக் கீழே போகாமல் வைத்துக்கொள்ளலாம். சும்மா நிற்கும் இரவில்தான் அந்த ஹீட்டருக்கு வேலை. வெளியே போகும் குழாய்களைச் சூடாக்கும் கம்பி சுற்றிப் பாதுகாப்பது பெரிய செலவு கிடையாது. டயர் மாற்றும் உச்சப் பருவத்தில் ஒரு முழு நாள் கராஜ் முடங்குவதால் வரும் இழப்பை இந்தச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அழுத்தக் காற்றை நம்பி வாழும் வேறு தொழில்கள் இந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துக்கொண்டுவிட்டன என்பதுதான் என் வாதத்துக்குப் பெரிய சான்று. கனரக ட்ரக்குகளின் பிரேக் இயங்குவது காற்றில். ஒன்டாரியோவில் அத்தகைய வண்டியை ஓட்ட உரிமத்தில் ‘இசட்’ என்ற தனி அங்கீகாரம் வேண்டும். அதற்குப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் காற்று டேங்கிலிருந்து தண்ணீரை வெளியேற்றக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. இன்றைய ட்ரக்குகளில் காற்றை உலர்த்தும் கருவி இருக்கிறது. அதன் வால்வு உறையாமல் இருக்க அதற்குள்ளேயே ஒரு சிறு ஹீட்டர் உண்டு. கனடாவின் பெரிய ரயில் நிறுவனங்களான சிஎன்னும் சிபிகேசியும் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சரக்கு ரயில்களின் நீளத்தையே குறைத்துவிடுகின்றன; குளிரில் ரப்பர் இணைப்புகள் விறைத்துக் காற்று கசிவதால், நீண்ட ரயிலின் கடைசிப் பெட்டிவரை பிரேக் அழுத்தம் போய்ச் சேராது. வருமானத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று எடுக்கப்பட்ட முடிவு அது. அங்கே யாரும் குளிர் வந்தால் பிரேக் அப்படித்தான் என்று சொல்வதில்லை. சாலையில் ஓடும் காற்று டேங்குக்கு இத்தனை ஒழுங்கு இருக்கும்போது, மனிதர்கள் எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்று வேலை செய்யும் டேங்குக்கு மட்டும் ஏன் இல்லை? சாலையில் விபத்து நடந்தால் பொதுமக்கள் சாவார்கள்; கராஜில் நடந்தால் கூலிக்கு வந்தவர் ஒருவர். இந்த வேறுபாடு தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இருபது வருடமாக ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்பது அடுத்த மறுப்பு. அழுத்தக் கலங்களின் வரலாற்றில் இந்த வாக்கியத்துக்குப் பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் நகரின் குரோவர் ஷூ தொழிற்சாலையில் கொதிகலன் ஒன்று வெடித்துக் கட்டடம் சரிந்தது. 58 பேர் இறந்தார்கள். வெடிக்கும் நாள்வரை அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் பிறகே அந்த மாநிலம் கொதிகலன்களுக்கு விதி வகுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமும் முழுமையான விதித்தொகுப்பை உருவாக்கியது. இன்று கம்ப்ரசர் டேங்கின் பெயர்த்தகட்டில் ஏஎஸ்எம்இ என்று பொறித்திருப்பது அந்த வழியில் வந்தது. கனடாவில் அதோடு சிஆர்என் என்ற பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் அழுத்தக் கலங்களைக் கண்காணிப்பது டிஎஸ்எஸ்ஏ என்ற அமைப்பு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள சிறு டேங்குகளுக்கு விதிவிலக்கு உண்டு என்பதால், சிறு கராஜ் முதலாளிகள் சிலர் தங்களுக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஒன்டாரியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் தான் கொடுக்கும் கருவியை நல்ல நிலையில் வைத்திருப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. டேங்க் எத்தனை லிட்டர் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

ஆனால் அந்த உரிமையை யார் பயன்படுத்துவார்கள்? நம்மவர்களின் கராஜ்களில் சேரும் இளைஞர்களில் பலர் அண்மையில்தான் நாட்டுக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ தொழில் பழகியவருக்கு டேங்கில் தண்ணீர் தெரியும். உறைந்த சுவிட்ச் தெரியாது. அங்கே டேங்க் வேர்த்து வழியும், அடிவால்வைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், கதை முடிந்தது. இங்கே வால்வைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை என்பதே அபாய அறிகுறி. உள்ளே தண்ணீர் இல்லை என்று அவர் நினைப்பார், உண்மையில் அது உறைந்திருக்கும். இதை யாராவது சொல்லிக்கொடுக்காமல் அவராகத் தெரிந்துகொள்ள வழியில்லை. சொல்லிக்கொடுக்காத இடத்தில் குறுக்கு வழிகள் முளைக்கின்றன. உறைந்த குழாய்க்குக் கேஸ் டார்ச் காட்டுகிறார்கள். எண்ணெய் படிந்த, அழுத்தம் நிறைந்த உலோகத்துக்கு நெருப்பு வைப்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. பிரேக்கர் விழுந்தால் இன்னும் பெரிய பிரேக்கர் போடுகிறார்கள். காற்றுக் குழாயில் ஆல்கஹால் ஊற்றுகிறார்கள்; ஃபில்டரின் தெளிவான பிளாஸ்டிக் கிண்ணம் அதில் வெடிப்பு விடுகிறது. செய்ய வேண்டியது இதுதான்: மின்சாரத்தைத் துண்டித்து, காற்றை இறக்கி, அறையைச் சூடாக்கிப் பனி உருகும்வரை பொறுத்திருப்பது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது பொறுமை காக்கும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை. அது முதலாளியிடம்தான் இருக்கிறது.

ஆகவே பொறுப்பையும் அவரிடமே வைக்க வேண்டும். தண்ணீரை வெளியேற்றும் வேலையைப் பையன் பார்த்துக்கொள்வான் என்று விடாமல், யார், எப்போது என்று பெயர் போட்டு எழுதி வைப்பது முதல் வேலை. மாலையில் கம்ப்ரசரை நிறுத்தியதும், டேங்க் இன்னும் சூடாக இருக்கும்போதே அடிவால்வைத் திறப்பதுதான் சரியான நேரம். காலையில் திறந்தால் உறைந்திருக்கும். தானியங்கி வால்வு வாங்கினால் மறதிக்கு இடமில்லை, ஆனால் குளிர்ந்த இடத்தில் அதுவும் உறையும் என்பதால் சூடான இடம் என்ற நிபந்தனையிலிருந்து தப்ப முடியாது. அக்டோபர் முடிவதற்குள் எண்ணெயை மாற்றி, கையேட்டில் சொன்னபடி சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துச் சோதித்து, பிரஷர் சுவிட்ச் சரியான அழுத்தத்தில் மோட்டாரை நிறுத்துகிறதா என்று கேஜைப் பார்த்து உறுதிசெய்வது அரை நாள் வேலை. கராஜுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கும் நிறுவனங்கள் தீயணைப்பான் தேதியைக் கேட்பதைப்போல இதையும் எழுத்தில் கேட்கலாம். டயர் சீசன் தொடங்குமுன் நம் வணிகர் சங்கங்கள் தமிழில் ஒரு மாலைநேரப் பயிற்சி வைக்கலாம். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள், காற்று பிரேக் ஓட்டும் ட்ரக் டிரைவர்கள், நம் சமூகத்திலேயே இருக்கிறார்கள். கராஜில் புதிதாகச் சேரும் ஒருவர் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: இந்த டேங்கை நேற்று மாலை வடித்தது யார்? அதற்கு ஒரு பெயர் பதிலாக வராவிட்டால், கம்ப்ரசரின் சுவிட்சைப் போட மறுப்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அப்படி மறுப்பவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லக் கூடாது.